முந்திக்கொண்ட வரிகள்

வாய் திறக்கும் முன்னே வந்து நிற்கும், வாய் மூடும் முன்னே மறைந்து போகும். காது கேளாதவளுக்குக் கேட்கும், கண்ணை மூடிக்கொண்டவனுக்குக் கேட்காது. நிழலைப்போல் கூடவே வரும், நிழலைப்போலவே கையில் சிக்காது. அது என்ன?

அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். எழுத்து என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். கனவு என்று சொன்னவர்கள் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஆவாரங்குளத்தில் ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்திக் கேட்டால், வாயில் இருக்கும் கடலை மிட்டாயைக் கூடத் துப்பாமல் "கீழெழுத்து" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். ஏனென்றால் அந்த ஊரில் யார் பேச வாயெடுத்தாலும், அவர் சொல்லப்போவது வெள்ளை எழுத்தில், கறுப்பு விளிம்போடு, அவர் இடுப்புக்கு நேரே காற்றில் முந்திக்கொண்டு வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் மட்டும் பிள்ளையும் முழிக்கும், பெரியவர்களும் முழிப்பார்கள். செண்பகாவும் முழிப்பாள். ஆனால் அவள் முழிப்பது வேறு முழி.

செண்பகா மேட்டுத் தெருவில், மாவு மில்லுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் அம்மா சண்முகவடிவும் இரண்டு வயதுத் தம்பி முகிலும். செண்பகா தவழ்ந்துகொண்டிருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் வடிவுக்குக் காது இரண்டும் அடைத்துப்போயின. அடைத்தது அடைத்ததுதான், பிறகு திறக்கவே இல்லை. பேச்சு இருந்தது. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால், அது எப்போதும் குளத்துக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலாகவே இருந்தது. அவள் கடையில் சீப்பு கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் நிற்பவர்கள் உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவா மெதுவா என்று அமர்த்திக் காட்டுவார்கள். வடிவு சட்டென்று வாயை மூடிக்கொள்வாள்.

கல்யாண வீடோ காதுகுத்து வீடோ, எங்கே போனாலும் இதுதான் நடக்கும்: பந்தியில் ஒருத்தர் ஒன்று சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள், அதன் பிறகு யாராவது ஒருத்தி மனமிரங்கி வடிவின் பக்கம் திரும்பி, உதட்டைப் பெரிதாக அசைத்து நடந்ததைச் சொல்வாள், அப்போது வடிவு சிரிப்பாள், தன்னந்தனியாக. அப்படி ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் அவள் மகளிடம் சொன்னாள்: "ஏட்டி, எனக்கு எல்லாமே ஆறிப்போய்த்தான் வருது. சோறும் சரி, சிரிப்பும் சரி."

அப்பா ஓசூரிலிருந்து கொண்டுவந்த பழைய மடிக்கணினி வழியாக அந்த வீட்டுக்குள் ஒரு வெளிநாட்டுத் தொடர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். பனி கொட்டுகிற ஒரு மலையூரில் ரொட்டிக்கடை நடத்தும் அக்கா தங்கையின் கதை. அது என்ன மொழி என்றுகூடச் செண்பகாவுக்கு முதலில் தெரியாது. ஆனால் முகம் தெரியாத யாரோ சிலர், சம்பளம் இல்லாமல், அந்தத் தொடர்மேல் உள்ள ஆசையினால் மட்டும் அதற்குத் தமிழில் சப்டைட்டில் போட்டிருந்தார்கள். வடிவு ஐந்தாம் வகுப்போடு நின்றவள், விரல் ஓட்டாமல் அவளுக்குப் படிக்க வராது. அவள் படத்தைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், காற்றில் விரலை ஓட்டி எழுத்துக் கூட்டினாள், சிரித்தாள். அதே நேரத்தில் செண்பகாவும் சிரித்தாள். அந்த மொழி அவளுக்கும் தெரியாதே! அந்த ஒரு மணி நேரத்துக்கு அந்த வீட்டில் காது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

ஒரே ஒரு குறை. வடிவின் விரல் பாதி தூரம் போவதற்குள் வரி ஓடிவிடும். "போயிட்டு ஏட்டி, போயிட்டு" என்று அவள் கையை உதறுவாள். அதற்காகத்தான் செண்பகா அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தாள்.

மொழிபெயர்ப்பதெல்லாம் பெரியவர்கள் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நேரம் பொருத்துகிற வேலைதான் கிடைக்கும். திரையின் கீழ்ப்பாதியில் பேச்சின் ஒலி ஏறி இறங்கும் கோடாக, ஒரு மலைத்தொடர் மாதிரி நீண்டு கிடக்கும், பேசாத இடம் சமவெளியாகத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கால்: வரி தோன்றும் நொடி முன்கால், மறையும் நொடி பின்கால். முன்காலை மலை தொடங்கும் அடிவாரத்தில் ஊன்ற வேண்டும், பின்காலை மலை இறங்கி மூச்சு வாங்கும் இடத்தில் ஊன்ற வேண்டும். காட்சி மாறிய பிறகும் வரி நின்றுகொண்டிருந்தால், விருந்தாளி போன பிறகும் வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி உறுத்தும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் அடிவாரம் எது, மேடு எது என்று கண்டுபிடிப்பதற்குள் செண்பகாவுக்குக் கண் பூத்துவிடும்.

செய்ததைச் சரிபார்த்தவள் மட்டக்களப்பில் இருந்த தர்சினி என்கிற கல்லூரிப் பெண். அவள் யாரையும் லேசில் விடமாட்டாள்.

"தங்கச்சி, ஆள் வாயைத் திறக்க முதலே எழுத்து வந்து நிக்குது. பிறகு அந்தாள் என்னத்துக்குக் கதைக்க வேணும்? வீட்ட போகலாமே" என்று எழுதுவாள்.

"எங்கம்மா மெதுவாத்தான் படிப்பாக அக்கா" என்று செண்பகா பதில் போடுவாள்.

"அப்ப பின்னால நீட்டுங்கோ, முன்னால நீட்டாதேங்கோ. இன்னொண்டு, ரெண்டு வசனத்தைச் சேர்த்து ஒரே வரியில போட்டிருக்கிறீங்கள். கதவைத் தட்டினது ஆரெண்டு சனம் பாத்துக்கொண்டிருக்கேக்க, கதவு திறக்க முதலே அவன்ர பேரைச் சொல்லிப்போட்டியள்."

"பிந்தி வந்தாப் பரவாயில்லையா அக்கா?"

"ஐயோ, அது இதைவிடக் கேடு. மழை விட்ட பிறகு குடை கொண்டு வாற மாதிரி. பிந்தின வரி வந்தா நான் முழுசாத் திருப்பி அனுப்பிப்போடுவன்."

செண்பகாவும் பின்னால் நீட்டிப் பார்த்தாள். ஆனால் அந்த அக்காளும் தங்கையும் மூச்சுவிடாமல் சண்டை போடுகிறவர்கள், நீட்டிய பின்கால் அடுத்த வரியில் போய் முட்டியது. ஆகவே மற்றவர்கள் தெரியாமல் செய்கிற தப்பை அவள் தெரிந்தே செய்தாள்: எல்லா வரிகளின் முன்காலையும் சமவெளிக்குள் நன்றாக இழுத்துவிட்டாள், குட்டி வரிகளை இரண்டிரண்டாகக் கோத்தாள், அம்மாவின் விரல் நடப்பதற்குப் பாதை அகலமாகட்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பகுதி முழுவதையும் அப்படியே முடித்து, சேமித்து, வடிவுக்குப் போட்டுக் காட்டினாள். வடிவு ஒரு வரி விடாமல் படித்தாள்.

மறுநாள் காலையில் மாவு மில் சுடலைமுத்து, அரிசிப் பாத்திரத்தோடு வந்து நின்றவளிடம் "பச்சரிசியா புழுங்கலா" என்று கேட்க வாயெடுத்தார். எடுத்த வாய் திறப்பதற்குள் அவர் பனியனுக்கு முன்னால் அந்தக் கேள்வி வெள்ளையாக வந்து நின்றது. மில்லில் எல்லாமே வெள்ளைதானே, மாவு படிந்திருக்கிறது என்று நினைத்து அவர் விளக்குமாற்றால் தட்டினார். தட்டியும் போகவில்லை. "இது என்ன கூத்து" என்று சொல்லப்போனார், அதுவும் வந்தது. அரிசிக்காரி அதைப் படித்துவிட்டு, "புழுங்கல்தான் அண்ணாச்சி, கூத்தெல்லாம் பெறகு பாப்போம், புள்ளைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றாள். அதுவும் அவள் சொல்வதற்கு முன்னாலேயே வந்தது. அதன் பிறகு மாவு அரைபட்டது.

ஊர் அப்படித்தான் அதை எடுத்துக்கொண்டது. முதலில் வேப்பிலை கட்டினார்கள், பிறகு சட்டையை மாற்றிப் பார்த்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். கைப்பேசியில் படம் பிடித்தால் எழுத்து விழவில்லை என்பதால் பத்திரிகைக்காரர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். கோயிலில் அர்ச்சகர் வாயெடுத்தால் 'மந்திரம் ஒலிக்கிறது' என்று மட்டும் சாய்ந்த எழுத்தில் வந்தது. இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன், இவ்வளவுதானா என்று அவருக்கு மனசு கொஞ்சம் சுணங்கியது. மேட்டுத் தெருக் கறுப்பு நாய் தன் முன்காலுக்கு மேலே வந்து நின்ற 'நாய் குரைக்கிறது' என்பதை மோந்து பார்த்துவிட்டு, குரைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த சிவகிரிக்காரம்மா, "பொண்ணு லட்சணமா இருக்கா" என்று ஆரம்பிப்பதற்குள், "ஆனா நெறந்தான் கொஞ்சம் கம்மி" என்பதும் அதே வரியில் கோத்துக்கொண்டு வந்துவிட்டதால், பெண்ணின் அத்தை அந்தம்மா கையில் இருந்த கேசரித் தட்டை நடுவிலேயே வாங்கி வைத்துவிட்டாள். பொய் சொல்கிறவர்கள் பொய்யேதான் சொன்னார்கள், அதைச் சீக்கிரமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். எழுத்துத் தெரியாதவர்கள் பிள்ளைகளின் சிலேட்டை வாங்கி அனா ஆவன்னா எழுதிப் பார்த்தார்கள், தலைமையாசிரியர் ஊரே முன்னேறிவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதினார்.

செண்பகா மட்டும் ஒவ்வொருவர் இடுப்புக்கு முன்னாலும் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வெள்ளையும் அந்தக் கறுப்பு விளிம்பும், இரண்டு வாக்கியத்தைக் கோக்கிற அந்தக் கோவையும், வாய்க்கு முன்னால் விழுகிற அந்த இடைவெளியும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒரு நாள் தர்சினி திருத்தச் சொல்லி விடாமல் கேட்டதற்காக ஒரே ஒரு வரியைப் பிடித்து அடிவாரத்துக்கு நகர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே முருங்கைக்கீரை விற்றுக்கொண்டு போனவளின் எழுத்து, அவள் கூவிய நொடியில், குரலோடு குரலாக வந்தது. செண்பகா பயந்துபோய் வரியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். கீரைக்காரியின் எழுத்தும் முந்திக்கொண்டது. நம்மால்தானா, அல்லது கீரைக்காரி இருமியதில் எழுத்து தடுமாறியதா? யாரிடம் கேட்பது, கேட்டால் என்னவென்று கேட்பது? பேச வாயெடுத்தால் அதுவே முன்னால் வந்து நின்றுவிடுமே.

ஆனால் வடிவைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றாது. வடிவு இப்போது மீன் கடையில் நின்று நின்று பேசினாள். ஊரார் யார் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் சுடலைமுத்து, மாப்பிள்ளைத் தோழன் வேட்டியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, காது உள்ளவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே பார்த்துப் பழகிய வடிவுதான் முதலில் படித்தாள், முதலில் சிரித்தாள், பந்தி முழுவதும் அவளுக்குப் பின்னால் சிரித்தது.

"ஏ வடிவு, நீ சிரிச்ச பெறகுதாம்ளா எங்களுக்கே வெளங்குது" என்றாள் பக்கத்து இலைக்காரி.

"நீ மொதல்ல அவரு மூஞ்சியப் பாக்கத விட்டுட்டுத் தொப்பையப் பாரு" என்றாள் வடிவு. பந்தி இன்னொரு முறை சிரித்தது. செண்பகா அன்று இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தாள்.

இப்படி நாள் போகப் போக, ஊரில் ஒன்று நடந்தது. யாரும் முடிவு செய்து அது நடக்கவில்லை. பேச மூச்சை இழுத்தாலே வரி வந்துவிடுகிறது, எதிரே நிற்பவர் படித்துவிடுகிறார், அவரும் மூச்சை இழுக்கிறார், பதில் வந்துவிடுகிறது. பிறகு குரலை எதற்காகச் செலவழிக்க வேண்டும்? முதலில் வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்கினார்கள், பிறகு பாதியை விழுங்கினார்கள், பிறகு வாயை மீன் மாதிரித் திறந்து மூடினால் போதும் என்றாகிவிட்டது. சந்தையில் காய் கூவுகிறவர்கள் நிறுத்தினார்கள். சண்டைக்காரர்கள் இடுப்பில் கையை வைத்து எழுத்தை மறைக்காமல் நின்று, ஒருவரையொருவர் படித்துத் தீர்த்தார்கள். வகுப்பறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்றிரண்டு கிழவர்கள் மட்டும் அரசமரத்தடியில் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தார்கள், தங்கள் குரல் தங்களுக்கே கூச்சமாகிப்போய் அவர்களும் விட்டுவிட்டார்கள். வடிவும் குரலை நிறுத்தினாள். கையைக் கவிழ்த்து அமர்த்திக் காட்ட இனி யாருக்கும் வேலை இல்லை என்பதில் அவளுக்கு ஒரே நிம்மதி. ஊர் வாயடைத்துப்போனது தெரியாத ஒரே ஆள் அவள்தான். அவள் கண்ணுக்கு ஊர் முன்பைவிட அதிகமாகப் பேசியது.

முகிலுக்குப் பேச்சு வர ஆரம்பித்திருந்த நேரம் அது. அக்கா என்பான், பூ என்பான், தண்ணீரை 'நன்னி' என்பான், இன்னும் பெயர் வைக்கப்படாத பொருள்களுக்கு அவனே ஏதோ பெயர் வைப்பான். ஆனால் அவன் எதைச் சொன்னாலும் அவன் வயிற்றுக்கு முன்னால் 'குழந்தை ஏதோ சொல்கிறது' என்றுதான் வந்தது. பார்த்தவர்கள் அதைப் படித்துவிட்டு, சரி, ஏதோ சொல்கிறது என்று திருப்தியாகப் போனார்கள். என்ன சொல்கிறாய் என்று யாரும் குனிந்து கேட்கவில்லை. கேட்டாலும் வெறும் வாய்தான் அசைந்தது. மெல்ல மெல்ல அவனும் வாயைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டான். திறப்பான், குனிந்து தன் வயிற்றைப் பார்ப்பான், மூடிக்கொள்வான். நன்னி போயிற்று. பூ போயிற்று. ஒரு நாள் செண்பகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அவன் அவளைப் பார்த்து வாயை இரண்டு முறை திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. அக்காவும் போயிற்று.

அதற்கு மறுநாள், சாயங்காலம், மில்லுக்கு முன்னால், மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்சக்கரத்துக்கு நேரே முகில் குந்தி உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, வடிவு கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். செண்பகா தெரு முனையில் இருந்து பார்த்தாள். மூச்சை இழுத்தாள். 'முகில், எந்திரி, வண்டி வருது!' என்று அவள் இடுப்புக்கு முன்னால் வரி வந்து நின்றது. பெரிய எழுத்து, அழகான எழுத்து. முகில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணாடியில் அவ்வளவு சின்னப் பிள்ளை தெரியாது. செண்பகா வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். குரல் எங்கே இருக்கிறது என்று அவள் தொண்டைக்குள் தேட வேண்டியிருந்தது. பிறகு அது வந்தது, வார்த்தையாக வரவில்லை, கிணற்று உருளை கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தமாக வந்தது.

தெருவே காதைப் பொத்திக்கொண்டது. வண்டி நின்றது. முகில் எழுந்து, அந்தச் சத்தத்தைக் கண்டு பயந்து வீறிட்டு அழுதான். சுடலைமுத்து அவனைத் தூக்கினார். அவர் வயிற்றுக்கு முன்னால் 'ஒண்ணுமில்லடா ராசா, ஒண்ணுமில்ல' என்று வந்து நின்றது. அவன் அதைப் பார்க்காமல் அழுதுகொண்டே இருந்தான். வடிவு மடித்த துணியோடு திரும்பி, எல்லோரும் ஏன் காதில் கை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் செண்பகா மடிக்கணினியைத் திறந்தாள். தர்சினி சொன்னபடியே, அந்தப் பகுதியின் எல்லா வரிகளையும் அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, கோத்தவற்றைப் பிரித்து, சரியான இடத்தில் ஊன்றிச் சேமித்துவிட்டு, வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி மாட்டுக்காரரிடம் பால் கணக்குப் பேச வாயெடுத்தாள். முதல் எழுத்தைச் சொல்லும்போதே முழு வரியும் வந்துவிட்டது. மாட்டுக்காரர் படித்தார். அவள் அந்த முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டாள். படிக்கிற கண்ணுக்குப் பேசுகிற வாய் எப்போதும் மெதுவுதான். அடுத்த முறை அந்த முதல் எழுத்தும் இருக்காது. செண்பகா உள்ளே வந்து உட்கார்ந்தாள். முன்னால் வைத்தாயிற்று, கூட வைத்தாயிற்று. மீதம் ஒரே ஒரு இடம்தான். தப்பிலேயே பெரிய தப்பான இடம்.

அவள் அம்மாவைத் தேடிப் போனாள். வடிவு அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள், முகில் விசும்பல் அடங்கி அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யம்மா, தம்பி பேச்ச நிப்பாட்டிட்டான்."

வடிவு விரலை ஓட்டிப் படித்தாள். "யாரு சொன்னா? வாயத் தெறக்கானே, நாந்தான் பாக்கேனே."

"தெறக்கான். சத்தம் வரல. ஊர்லயும் யாருக்கும் வரல. எல்லாரும் சும்மா வாயத்தான் அசைக்காக. இந்த எழுத்து வந்ததுக்குப் பெறகு யாரும் பேசல யம்மா."

வடிவின் விரல் அந்த வரியின்மேல் இரண்டு தடவை நடந்தது. "நல்லாத்தான பேசிட்டிருந்தாக. எங்கிட்டகூட நெறைய பேசுனாக."

"ஆமா. உங்கிட்ட பேசுனாக."

"அப்போ இவன்?"

"இவனுக்குப் படிக்கத் தெரியாதுல்ல."

களைந்த தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுழன்றது. வடிவு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். செண்பகா தான் செய்ததை எல்லாம் சொன்னாள்: தொடர், முன்கால், பின்கால், கீரைக்காரி, எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்ப முடியாததாக இருந்தது. வடிவு நம்பினாளா இல்லையா என்பதும் தெரியவில்லை.

"பேசி முடிச்ச பெறகு எழுத்து வார மாதிரி வச்சாத்தான் பேசுவாக" என்றாள் செண்பகா. "பேசலன்னா எழுத்தே வராது. அப்போ பேசித்தான ஆகணும். நானா அப்படி நெனைக்கேன். சரியான்னு தெரியல."

"மத்தவங்கல்லாம் கேட்டு முடிச்ச பெறகு?"

"ஆமா."

"சிரிச்சு முடிச்ச பெறகு எனக்கு?"

செண்பகாவின் வாய் திறந்தது. 'ஆமா' என்று வரி வந்தது. குரலும் வந்தது.

வடிவு அரிசியை உலையில் போட்டாள். மூடியை வைத்தாள். முகிலைக் காலில் இருந்து பிரித்து மகளின் இடுப்பில் ஏற்றிவிட்டாள். அவள் இடுப்புக்கு முன்னால் காற்று வெறுமையாக இருந்தது.

செண்பகா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். எல்லா வரிகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றையும் பேச்சு முடிந்த இடத்துக்குப் பின்னால் வைத்தாள். சேமித்தாள்.